உள்ளீடற்ற பூமி: ஒரே கருத்து, மூன்று மனிதர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வரலாற்றில் தோன்றிய விசித்திர நம்பிக்கைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இத்தகைய தலைப்பில் பேசுவதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து கிறுக்கர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வேடிக்கைக் கதை சொல்லிவிட்டுப் போகலாம். நீங்களும் சிரிப்பீர்கள், எனக்கும் பொழுது போகும். ஆனால் நம்மைவிட முந்தைய காலத்தவர் மடையர்கள் என்ற எண்ணத்தைத் தவிர வேறெதுவும் அதனால் மிஞ்சாது.

எனவே ஒரே ஒரு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பூமியின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது, அங்கே உயிர்கள் வாழலாம் என்ற நம்பிக்கை அது. நம் புராணங்களில் வரும் பாதாள உலகத்தை நான் சொல்லவில்லை. நான் பேசப் போவது அளவுகோலும் கணக்குமாக மேலைநாட்டில் எழுந்த ஒரு கருத்து. அதை மூவர் மூன்று காலங்களில் ஏந்தினார்கள். ஒருவர் உலகம் மதிக்கும் வானியலாளர், இன்னொருவர் படைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்றாமவர் தன்னைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்ட மருத்துவர். மூவரும் தவறான கருத்தையே கொண்டிருந்தார்கள். ஆனாலும் மூவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஏன் முடியாது என்பதே இன்றைய பேச்சு. ஒருவரின் நம்பிக்கை எவ்வளவு விசித்திரமானது என்று பார்த்து அவரை எடைபோடக் கூடாது. தம் பிழை தமக்குத் தெரியவரும் வாசலைத் திறந்து வைத்தாரா, அடைத்தாரா என்று பார்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அதை ஆறு கூறுகளாக விளக்குகிறேன்.

1. விசித்திரமான விடைக்குப் பின்னால் நியாயமான கேள்வி இருக்கலாம்

எட்மண்ட் ஹாலியை வால்மீனின் பெயரால் எல்லோரும் அறிவோம். 1656-இல் பிறந்து 1742-இல் மறைந்தவர். நியூட்டனின் பிரின்சிப்பியா நூலைத் தம் கைப்பணம் போட்டு 1687-இல் அச்சேற்றியவர். அந்த ஹாலிதான் 1692-இல், பூமி ஒரு கெட்டியான உருண்டை அல்ல என்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

அவரைத் தூண்டியது திசைகாட்டியின் ஊசி. காந்த ஊசி சரியான வடக்கைக் காட்டுவதில்லை, சற்று விலகி நிற்கும் என்பது மாலுமிகளுக்குப் பழைய செய்தி. அந்த விலக்கமும் காலப்போக்கில் மாறுகிறது என்பதுதான் பெரிய புதிர். லண்டனில் 1580-இல் ஊசி கிழக்கே 11 பாகைக்கு மேல் விலகியிருந்தது. 1634-இல் அது ஏறத்தாழ 4 பாகையாகக் குறைந்தது. 1657-இல் நேர் வடக்கைக் காட்டியது. 1692-இல் மேற்கே 6 பாகை போயிருந்தது. ஒரே ஊர், ஒரே வகை ஊசி. அசைவது எது?

பூமி முழுதும் ஒரே காந்தக்கல் என்றால் அதன் முனைகள் இடம் மாறக் காரணமில்லை. உள்ளே ஏதோ ஒன்று தனியாகச் சுழன்றால்தான் இது நடக்கும் என்று ஹாலி வாதித்தார். சுமார் 500 மைல் தடிமனுள்ள ஓடு வெளியே, நடுவில் இடைவெளி, அதற்குள் இன்னொரு கோளம். இரண்டுக்கும் தனித்தனிக் காந்த முனைகள். உட்கோளம் வெளி ஓட்டைவிட மிகச் சற்றே மெதுவாகச் சுழல்வதால் காந்தப்புலம் ஆண்டுக்காண்டு மேற்கு நோக்கி நகர்கிறது. அந்த உட்புறத்தில் ஏதோ ஒருவகை ஒளி இருக்கலாம், உயிர்களும் வாழலாம் என்று சேர்த்துக்கொண்டார். கடவுள் இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்க மாட்டார் என்பது அந்நாளைய அறிஞர்கள் பலரின் எண்ணம்.

உட்புற வாசிகளை மட்டும் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஊசியின் கணக்கோடு சேர்த்துப் படித்தால் வராது.

2. தவறான தரவிலிருந்தும் நேர்மையான தருக்கம் கிளைக்கலாம்

வெற்றிடத்துக்கு ஹாலி இன்னொரு சான்றும் வைத்திருந்தார். பிரின்சிப்பியாவின் முதல் பதிப்பில் நியூட்டன், கடல் ஏற்ற இறக்கங்களைக் கொண்டு சந்திரனின் நிறையைக் கணக்கிட்டு, சந்திரனின் அடர்த்திக்கும் பூமியின் அடர்த்திக்கும் விகிதம் 9-க்கு 5 என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே வகைப் பொருளால் ஆனவை என்றால் பூமி ஏன் இலேசாக இருக்கிறது? ஒன்பதில் நான்கு பங்கு வெற்றிடமாக இருப்பதால்தான் என்றார் ஹாலி. தருக்கத்தில் ஓட்டையில்லை, எண்தான் பிழை. சந்திரனின் அடர்த்தி உண்மையில் பூமியினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். அக்காலத்தின் தலைசிறந்த கணிதவியலாளர் தந்த எண்ணை நம்பியதற்காக ஹாலியைக் குறை சொல்ல முடியாது.

அதன்பின் அவர் செய்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். கருத்தைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. 1698-இல் பாரமோர் என்ற சிறிய கப்பலுக்குத் தாமே தலைவராகி அட்லாண்டிக் கடலில் இறங்கினார். துணை அதிகாரியின் பணியாமையால் முதல் பயணம் பாதியில் முறிந்தது. 1699-இல் மறுபடியும் கிளம்பி, தெற்கே பனிப்பாறைகள் மிதக்கும் கடல்வரை போய், 1700-இல் திரும்பினார். சென்ற வழியெல்லாம் காந்த விலக்கத்தை அளந்தார். விலக்கம் சமமாக உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து 1701-இல் ஒரு கடல் வரைபடம் வெளியிட்டார். அச்சில் வந்த சமகோட்டு வரைபடங்களில் மிகப் பழமையானவற்றுள் அது ஒன்று. இன்று வானிலைப் படங்களில் நாம் காணும் சம அழுத்தக் கோடுகளுக்கு அது முன்னோடி.

பூமியின் உட்கட்டமைப்பை ஹாலி தவறாகச் சொன்னார். ஆனால் அதைச் சோதிப்பதற்கு வேண்டிய அளவுகளைத் தாமே சேகரித்து எல்லோர் கையிலும் கொடுத்தார். தம் கருத்தை அவர் கைவிட்டதும் இல்லை. 80 வயதில் வரையப்பட்ட ஓவியத்தில்கூட அந்த அடுக்குக் கோளங்களின் படத்தைக் கையில் பிடித்திருக்கிறார். கருத்தின்மேல் பற்று இருப்பது குற்றமில்லை. வாசல் திறந்திருந்தால் போதும்.

3. வாசல் திறந்திருந்தால் பிழை ஒருநாள் தானே வெளியேறும்

உள்ளீடற்ற பூமிக் கருத்தை வீழ்த்தியது கேலியோ தடையோ அல்ல, ஒரு தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே தூக்குக்குண்டு, பெரிய மலையின் அருகே மலைப்பக்கமாக மயிரிழை சாயும். எவ்வளவு சாய்கிறது என்று அளந்தால், மலையின் ஈர்ப்பையும் பூமியின் ஈர்ப்பையும் ஒப்பிட்டுப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிடலாம்.

பிரெஞ்சுக்காரரான பியர் பூகே 1738-இல் ஈக்வடாரின் சிம்பொராசோ மலையில் இதை முயன்றார். அளவு துல்லியமாக அமையவில்லை. ஆனாலும் பூமி வெற்று ஓடு அல்ல என்று சொல்ல அதுவே போதும் என்றார். 1774-இல் நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் மாதக்கணக்கில் தங்கி விண்மீன்களை நோக்கி அளந்தார். அந்த அளவுகளை வைத்து சார்லஸ் ஹட்டன் 1778-இல் கணக்கிட்டபோது, பூமியின் சராசரி அடர்த்திக்கும் மலையின் அடர்த்திக்கும் விகிதம் 9-க்கு 5 என்று வந்தது. ஹாலியைத் திசைமாற்றிய அதே 9-க்கு 5! இம்முறை அந்த எண், பூமியின் உள்ளே மேற்பரப்புப் பாறையைவிடக் கனமான பொருள் இருக்கிறது என்று காட்டியது. 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் தம் வீட்டில் ஈயக் குண்டுகளை வைத்துச் செய்த சோதனையில் பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று தெரிந்தது. இன்றைய அளவு 5.51.

இதோடு ஹாலியின் கதை முடியவில்லை. 1906-இல் ரிச்சர்ட் ஓல்டம் நிலநடுக்க அலைகளை ஆராய்ந்து பூமிக்குத் தனிக் கருவம் உண்டு என்று காட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி, 1897-இன் அஸ்ஸாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் அந்தக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருப்பதைக் கண்டார். உருகிய இரும்பாலான வெளிக்கருவத்தின் ஓட்டங்களே பூமியின் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. ஓடு, இடைவெளி என்ற ஹாலியின் படம் போயிற்று. பூமியின் ஆழத்தில் ஏதோ ஒன்று அசைவதால்தான் ஊசி நகர்கிறது என்ற அவருடைய உள்ளுணர்வு நிலைத்தது.

4. ஒப்புமை சான்றாகாது

கேவண்டிஷின் சோதனைக்கு 20 ஆண்டுகள் கழித்து, 1818 ஏப்ரல் 10-ஆம் நாள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து உலகம் முழுமைக்கும் என்று விலாசமிட்ட ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. எழுதியவர் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ். 1812-இல் தொடங்கிய போரில் அமெரிக்கப் படையில் கேப்டனாகப் பணியாற்றியவர். பூமி உள்ளீடற்றது, உள்ளே வாழலாம், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்கள் இருக்கின்றன, இரு துருவங்களிலும் பெரிய வாய்கள் திறந்திருக்கின்றன என்று அதில் அறிவித்தார். சைபீரியாவிலிருந்து கலைமான் வண்டிகளில் உறைபனிக் கடல் வழியே போக 100 துணிச்சலான துணைவர்கள் வேண்டும் என்று கேட்டார். தாம் புத்தி தெளிவுள்ளவர் என்பதற்கு ஒரு சான்றிதழையும் இணைத்து, ஐரோப்பியக் கழகங்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பினார்.

அவருடைய காரணங்களைப் பாருங்கள். எலும்பு உள்ளீடற்றது, இறகின் காம்பு உள்ளீடற்றது, சனிக்கோளைச் சுற்றி வளையம் இருக்கிறது. ஆகவே பூமியும் அப்படித்தான். ஆர்க்டிக் பகுதியில் விலங்குகள் வடக்கு நோக்கிப் போய்க் கொழுத்துத் திரும்புகின்றன. ஆகவே அங்கே வெப்பமான நாடு உண்டு. ஒப்புமை அடுக்கடுக்காக வருகிறது, அளவு ஒன்றுகூட இல்லை. ஷிஹாலியனும் கேவண்டிஷும் அச்சில் இருந்தும் அவர் அவற்றுக்குப் பதில் சொல்லவில்லை.

சிம்ஸுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போய்ப் பாருங்கள் என்றார் அவர். தம் கருத்தைச் சோதிக்க நாட்டையே அழைத்தார். 1822-இல் ரிச்சர்ட் ஜான்சன் என்ற செனட்டர் வழியாக நாடாளுமன்றத்துக்கு மனுவும் கொடுத்தார். அது கிடப்பில் போடப்பட்டது. பேச்சாற்றல் இல்லாத அந்த மனிதர் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றி, உடல் நொந்து, 1829-இல் ஒஹையோ மாநிலத்தின் ஹாமில்டனில் இறந்தார். மகன் எழுப்பிய நினைவுத்தூணின் உச்சியில் துளையிட்ட ஒரு கல்லுருண்டை இருக்கிறது. சிம்ஸ் ஏமாற்றுக்காரர் அல்லர். முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, பின்வாசல் வழியே ஏற்கெனவே வந்து நின்ற விடையைப் பார்க்க மறுத்தவர்.

5. நம்பிக்கையை விட்ட பின்னும் அதிலிருந்த கேள்வியை வைத்துக்கொள்ளலாம்

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பவர் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஜெரமையா ரெனால்ட்ஸ். ஒஹையோவில் பத்திரிகை ஆசிரியராக இருந்த இளைஞர். 1825-இல் சிம்ஸின் சீடராகி அவரோடு மேடை ஏறினார். நல்ல பேச்சாளர் என்பதால் கூட்டம் சேர்ந்தது. நாளடைவில் துருவத்து வாய்களைப் பற்றிய பேச்சு அவரிடம் குறைந்தது. துருவங்களில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, போய்ப் பார்ப்போம் என்ற பேச்சு வளர்ந்தது. குருவும் சீடரும் பிரிந்தார்கள்.

1829-இல் ரெனால்ட்ஸ் தனியார் கப்பல்களில் தென்கடலுக்குப் போனார். 1836-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் மண்டபத்தில் நின்று, அரசே ஓர் ஆய்வுப் பயணம் நடத்த வேண்டும் என்று பேசினார். அந்தப் பயணம் சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் 1838-இல் ஆறு கப்பல்களோடு புறப்பட்டது. அதற்காக ஊரெல்லாம் குரல் கொடுத்த ரெனால்ட்ஸுக்குக் கப்பலில் இடம் தரப்படவில்லை. 1842-இல் திரும்பியபோது அண்டார்க்டிகாவின் கரையில் ஏறத்தாழ 1,500 மைலை வரைந்து வந்திருந்தார்கள். கொண்டுவந்த செடிகொடிகளும் விலங்குகளும் பழங்குடியினரின் கைவினைப் பொருள்களும் பின்னாளில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்கு அடித்தளமாயின.

வில்க்ஸ் பயணத்தின் வேரைத் தோண்டினால் அதில் சிம்ஸின் பூமித் துளையும் கிடக்கிறது. இதைக் கொண்டு, கிறுக்கு எண்ணங்களும் நல்லதே செய்யும் என்று முடிவு கட்டக் கூடாது. நல்லது செய்தது துளை அல்ல. துளையை விட்டுவிட்டுத் துருவத்தை விடாமல் பிடித்துக்கொண்ட ரெனால்ட்ஸின் மனம்.

6. சோதனை செய்வதாலேயே வாசல் திறந்துவிடாது

மூன்றாமவர் சைரஸ் டீட். 1839-இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்காவில் மருத்துவம் பார்த்தவர். 1869-இல் ஓர் இரவு தம் ஆய்வகத்தில் தெய்வத் தாய் காட்சி தந்து உலகின் இரகசியத்தை உரைத்ததாகச் சொன்னார். சைரஸ் என்ற பெயரின் எபிரேய வடிவமான கோரேஷ் என்பதைச் சூடிக்கொண்டார். அவர் கொள்கை ஹாலியையும் சிம்ஸையும் தாண்டியது. பூமியின் உள்ளே உலகம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நாம்தான் உள்ளே இருக்கிறோம் என்றார். நம் காலடி நிலம் ஒரு மாபெரும் உருண்டையின் உட்சுவர். சூரியன் நடுவில். வெளியே ஒன்றுமே இல்லை.

இந்தக் கொள்கையின் கவர்ச்சி புரிந்துகொள்ளத் தக்கது. கோப்பர்நிக்கசுக்குப் பிந்திய எல்லையற்ற பிரபஞ்சம் டீட்டைக் கலங்க வைத்தது. முடிவில்லாத ஒன்றை மனிதன் அறிய முடியாது. அறிய முடியாவிட்டால் கடவுளையும் அறிய முடியாது என்பது அவர் வாதம். மூடிய உலகம் அவருக்கு ஆறுதல் தந்தது. 1894-இல் ஃபுளோரிடாவின் எஸ்டெரோவில் ஒரு குடியிருப்பு அமைத்தார். ஏறத்தாழ 200 பேர் அங்கே கூடி வாழ்ந்தார்கள். அடுமனை, அச்சகம், இசைக்குழு, மின்னாக்கி எல்லாம் இருந்தன. நிர்வாகத்தில் பெண்களுக்குப் பெரும் இடம் இருந்தது. உழைப்பாளிகள், பண்பாளர்கள்.

அவர்கள் சோதனையும் செய்தார்கள். 1897-இல் அதே மாநிலத்தின் நேப்பிள்ஸ் கடற்கரையில் யுலிசிஸ் மாரோ என்பவர் தலைமையில் மகாகனி மரத்தாலான, மூலைமட்டம் போன்ற 12 அடிச் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, முன்னே முன்னே நகர்த்தி, ஒரு நேர்கோட்டைச் சில மைல் நீட்டினார்கள். பூமி குவிந்திருந்தால் கோடு நீர்மட்டத்தைவிட்டு உயர்ந்துகொண்டே போக வேண்டும். குழிந்திருந்தால் நீரில் போய் முட்ட வேண்டும். மாதக்கணக்கில் அளந்தார்கள், குறிப்பேடு வைத்தார்கள், சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். கோடு நீரைத் தொட்டது, பூமி குழிவானது என்று அறிவித்தார்கள்.

எங்கே பிழை? 12 அடிச் சட்டம் என்றால் ஒரு மைலுக்கு 440 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் சட்டத்தின் மறுமுனை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டு அதில் நான்கு கூறு கீழே சாய்ந்தால் போதும். குவிந்த பூமி குழிந்த பூமியாகத் தெரியும். தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு அது. கடற்கரை வெயிலிலும் ஈரத்திலும் எந்த மரச்சட்டமும் அந்தத் துல்லியத்தைக் காக்காது. விடை முன்பே தெரிந்தவர்கள் கருவியைச் சரிபார்க்கும்போது, விடைக்கு ஒத்துவரும் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். இதில் வஞ்சகம் இருக்கத் தேவையில்லை, ஆசை போதும். கோடு எதிர்மாறாக முடிந்திருந்தால் டீட் தம் கொள்கையைக் கைவிட்டிருப்பாரா? மாட்டார். கரையிலிருந்து பார்க்கும்போது தூரக் கப்பல் மறைவதைக்கூடப் பார்வைப் பிழை என்று விளக்கி வைத்திருந்தவர் அவர். எந்த விடை வந்தாலும் தோற்காத கொள்கைக்குச் சோதனை ஒரு சடங்கு மட்டுமே.

1908 டிசம்பர் 22-இல் டீட் இறந்தார். அவர் உயிர்த்தெழுவார் என்று சீடர்கள் உடலருகே காத்திருந்தார்கள். சுகாதார அதிகாரி தலையிட்ட பிறகே அடக்கம் நடந்தது. 1921 புயலில் கல்லறையைக் கடல் கொண்டுபோயிற்று. அப்போதும் அவர்களுடைய பத்திரிகை நிற்கவில்லை. 1949 வரை வெளிவந்தது. எஞ்சியவர்கள் நிலத்தை 1961-இல் ஃபுளோரிடா அரசுக்குக் கொடுத்தார்கள். இன்று அது ஒரு பூங்கா.

அவையோரே,

இது அமெரிக்கர்களின் கதை, நமக்கென்ன என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. 1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இனங்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பது ஏன் என்று கேட்டு, இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். லெமூரியா என்ற பெயர் அப்படி வந்தது. ஹாலியின் ஊசியைப் போல அதுவும் நியாயமான கேள்விக்கு அக்காலத்துக்கு ஏற்ற விடை. கண்டங்களே நகர்கின்றன என்று 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர் சொன்னபோது அதுதான் கிறுக்காகத் தெரிந்தது. 1960-களில் அது நிலைநாட்டப்பட்டதும் மூழ்கிய கண்டத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அறிவியல் விட்டுச் சென்ற லெமூரியாவை நாமோ குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பாடநூல்வரை கொண்டுவந்தோம். கடைசிப் பனியுகத்துக்குப் பின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து கரையோர நிலங்களை விழுங்கியது உண்மை. நம் இலக்கியங்கள் பேசும் கடல்கோளை அந்தக் கோணத்தில் ஆராய இடமிருக்கிறது. ரெனால்ட்ஸைப் போலக் கண்டத்தை விட்டுவிட்டுக் கடல்கோள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால், கடலடி ஆய்வில் நாம் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒரு விசித்திர நம்பிக்கையைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது? இதற்கு எதிரான அளவுகள் ஏற்கெனவே எங்காவது அச்சில் இருக்கின்றனவா? எது நடந்தால் இதை நம்புகிறவர் கைவிடுவார்? முதல் கேள்வி அவரை மதிக்கக் கற்றுத் தரும். இரண்டாவது உங்களை நூலகத்துக்கு அனுப்பும். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெற்றி பெற்ற கருத்துகளை மட்டுமே நம் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறோம். தோற்ற கருத்துகளையும், அவை ஏன் தோன்றின, எந்த அளவால் வீழ்ந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஹாலியின் 1692 கட்டுரை அவருடைய வால்மீன் கணக்கின் பக்கத்திலேயே பாடமாக வைக்கத் தகுதியுடையது.